கோட்டில் நிற்கும் கால்

காலபோக அறுவடை முடிந்து வவுனியா வயல்களில் நிலம் இறுகியதும், மண்வெட்டியால் கோடு கீறினால் கிளித்தட்டு விளையாட்டுக்குத் தரை தயார். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். உடம்புக்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியாது.

குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொருவர் மறிப்பர். கிளி எனப்படும் ஆட்டக்காரர் நடுக்கோட்டிலும் ஓடித் துரத்துவார். எதிரணி அடிபடாமல் கோடுகளுக்கு இடையிலுள்ள பெட்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும்.

நான் ரசிப்பது மறிக்கிறவரின் கால்களைத்தான். கண் எதிராளியின் மேல் இருக்கும். கால் கோட்டை விடக்கூடாது. குனிந்து பார்க்க நேரமில்லை. கோடு எங்கே என்று பாதமே அறியப் பழகுகிறது. “தம்பி, கோட்டிலை நில்லடா!” என்று சத்தம் வந்ததும் சிறுவன் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றுகிறான். எதிரே நிற்பவளோ இடத்தோளை மட்டும் அசைத்துவிட்டு வலப்பக்கம் பாய்கிறாள். பிறரை ஏய்க்க, தன் தோள் என்ன சொல்கிறது என்பது முதலில் தனக்குத் தெரிய வேண்டுமே!

ஜூடோ ஆசிரியராயிருந்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இந்தக் கவனத்தையே பாடமாக்கினார். அவருடைய மாணவர்கள் பெரும்பாலும் தரையில் படுத்து, மெதுவாக, சின்னச் சின்ன அசைவுகளைச் செய்து பார்த்தார்கள். கிளித்தட்டில் அதே பயிற்சி ஓட்டத்திலும் சிரிப்பிலும் நடக்கிறது. ஒருவர் அடிபட்டால் அணிகள் இடம் மாறும். பாய்ந்தவளே இப்போது மறிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கென்று ஒதுக்கிவிடாமல், பள்ளிக்கூட முற்றங்களில் வாரந்தோறும் இந்தக் கோடுகளைக் கீறலாம்.