முன்னுரைக்கு முன்னால்

கட்டுரை என்றதும் நம் பிள்ளைகள் முதலில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு இடுகிறார்கள். பிறகு ஆசிரியர் தந்த குறிப்புகளை வாக்கியங்களாக நீட்டுகிறார்கள். நீட்ட வராதவர்கள் நோட்ஸை மனப்பாடம் செய்கிறார்கள். இந்த முறையை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. வீட்டில் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இல்லாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ஏறக்குறையப் புது மொழி. 'தண்ணி வந்துருச்சு' என்றே பேசிப் பழகியவள் 'தண்ணீர் வந்துவிட்டது' என்று எழுத வேண்டும். மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுத எழுதத்தான் அந்த வாக்கிய முடிவுகள் கைக்குப் பழகுகின்றன. எதை முதலில் சொல்வது, எங்கே பத்தி பிரிப்பது என்பதும் பிடிபடுகிறது.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. சொல்வதற்கு ஒன்று கிடைக்கும் முன்பே சட்டகம் வந்துவிடுகிறது. கூமாப்பட்டி என்ற ஊரில் வளரும் பிள்ளைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தால் வயலில் என்ன வேலை தொடங்கும், தோப்பில் தேங்காய் வெட்டு எப்படி நடக்கும் என்றெல்லாம் அவளிடம் கேட்டால் நிறுத்தாமல் சொல்வாள். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தாலோ 'இயற்கை எழில் கொஞ்சும் சிற்றூர்' என்று எழுதுவாள். தஞ்சாவூர்ப் பிள்ளையும் அதையேதான் எழுதும்.

2025இல் இதே கூமாப்பட்டியைப் பற்றி ஓர் இளைஞர் ஊர்ப்பேச்சில் பேசி வெளியிட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சுக்கு அவ்வளவு வலு. கண்டதை மிகையில்லாமல், வரிசையாகச் சொல்லும் நிதானத்தை அதன்மேல் ஏற்றுவதுதான் கட்டுரைப் பயிற்சியின் வேலை. நாம் பேச்சை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் கற்பிக்கிறோம்.

சீனப் பள்ளிகளில் பேச்சுதான் முதலில்; முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கட்டுரை கிடையாது. படத்தைப் பார்த்துப் பேசி, பேசியதை எழுதுகிறார்கள். மூன்றாம் வகுப்பில்தான் கட்டுரைப் பயிற்சி. அங்கும் பெற்றோர் மாதிரிக் கட்டுரை நூல்களை வாங்கிக் குவிக்கிறார்கள், அழகான தொடர்களை உருப்போட வைக்கிறார்கள். ஆனால் பேச்சுக்குப் பிறகு கட்டுரை என்ற வரிசை சரியானது. தமிழ்நாட்டில் 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் கதைக்கும் பாட்டுக்கும் பேச்சுக்கும் இடம் கொடுத்தது. மேல் வகுப்புக்குப் போனதும் அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைக்குக் குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதும் முன் ஒரு பாடவேளை பிள்ளைகளைப் பேசவிடுங்கள். திருத்தும்போது ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் முன், பிள்ளை தான் கண்டதை எழுதிய வாக்கியத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.