ஃபோர்ரன்னர் 955: தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கோட்டைப் படிக்கலாம்

நெடுந்தூர ட்ரையத்லான் முடித்தவர்கள் அன்று இரவே செய்யும் முதல் வேலை, வாட்ச்சைப் போனோடு இணைத்து ஆப்பைத் திறப்பதுதான். திறந்ததும் எதிரே வந்து நிற்பவை தீர்ப்புகள்: உடற்தகுதி இவ்வளவு, இனி இத்தனை மணி நேரம் ஓய்வு, பயிற்சி நிலை இப்படி. அவற்றைத் தாண்டி உள்ளே போனால்தான் கோடுகள் கிடைக்கும். நொடிக்கு நொடி பதிவான துடிப்பு, வேகம், உயரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 955 வாட்ச்சைக் கோவா கடலிலும் கல்வராயன் மலைச் சாலையிலும் கட்டிப் பழகியபின் சொல்கிறேன்: கோடுகளுக்காக இதை வாங்கலாம். தீர்ப்புகளுக்காக வாங்க வேண்டாம்.

2022 ஜூனில் வந்த மாடல் இது. அடுத்த ஆண்டே பளிச்சென்ற அமோலெட் திரையோடு 965 வந்துவிட்டது. ஆனாலும் 955-இன் பழைய பாணித் திரை எனக்குப் பிடித்திருக்கிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகத் தெரியும். சித்திரை மாத மதியத்தில் கள்ளக்குறிச்சி புறவழிச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அதுதான் வேண்டும். எடை 52 கிராம். வெறும் ஜிபிஎஸ் என்றால் 42 மணி நேரமும், எல்லாச் செயற்கைக்கோள் அமைப்புகளையும் இரண்டு அலைவரிசைகளில் பிடிக்கும் துல்லிய முறையில் 20 மணி நேரமும் சார்ஜ் நிற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. முழு அயர்ன்மேன் பந்தயத்துக்கே கெடு 17 மணி நேரம்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. தொடுதிரை இருந்தாலும் ஐந்து பொத்தான்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஏறி வருகிறவரின் ஈரக்கைக்குப் பொத்தானே தோது.

பந்தயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அயர்ன்மேன் என்பது 1978-இல் ஹவாய்த் தீவில் 15 பேரோடு தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம், இடையில் நிறுத்தம் கிடையாது. அதில் சரிபாதி, மைல் கணக்கில் 70.3 என்று அழைக்கப்படுவது. அது இந்தியாவுக்கு வந்தது 2019 அக்டோபர் 20 அன்று, கோவாவில். ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சைகோம் நாலே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்து அதில் முதலிடம் பிடித்தார். நம்மைப் போன்றவர்கள் எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் முடித்தாலே நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இந்த வாட்ச்சோடு நான் போன கோவா 70.3 பந்தயத்தில், சின்னசேலத்திலிருந்து என்னோடு பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவரும் இருந்தார். ஊர் திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, தொண்ணூத்தாறு மணி நேரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதுண்ணே. அவ்ளோ மோசமாவா ஓடிட்டேன்?" அந்த 96 என்பது இந்த வாட்ச் காட்டக்கூடிய உச்ச எண். அதற்கு மேல் காட்ட அதனிடம் எண்ணே கிடையாது. மோசமாக ஓடியவருக்கும் வரும், நன்றாக ஓடியவருக்கும் வரும். அதை வைத்துக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

லேப்டாப்பில் இருவர் கோப்புகளையும் அருகருகே திறந்தோம். இலவசமாகக் கிடைக்கும் கோல்டன் சீட்டா மென்பொருளே இதற்குப் போதும். சைக்கிள் பகுதியின் முதல் மணி நேரத்தில் தம்பியின் துடிப்புக் கோடு அவரது வழக்கமான நீண்ட சவாரிகளைவிடத் தெளிவாக மேலே நின்றது. வேகம் அதற்கேற்ற அளவு கூடவில்லை. ஓட்டப் பகுதிக்கு வந்தால், பாதித் தூரம்வரை வேகக் கோடு தரையோடு தரையாகச் சீராகப் போகிறது. துடிப்போ மெல்ல மெல்ல ஏறுகிறது. அதன்பின் துடிப்பு மேலேயே நிற்க, வேகம் சரிகிறது. "கடைசி ஏழு கிலோமீட்டர்ல கால் போச்சுண்ணே" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்தால் கால் போகத் தொடங்கியது சைக்கிளில், அதுவும் முதல் மணி நேரத்திலேயே என்று தெரிந்தது.

துடிப்பும் வேகமும் இப்படிப் பிரிவதைப் பயிற்சியாளர்கள் டீகப்ளிங் என்பார்கள். கணக்கு எளிது. ஓட்டத்தை இரண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் நிமிடத்துக்கு ஓடிய மீட்டரைச் சராசரித் துடிப்பால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒருவர் முதல் பாதியைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில், 145 துடிப்பில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 167 மீட்டர், வகுத்தால் 1.15. இரண்டாம் பாதியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், துடிப்பு 152. நிமிடத்துக்கு 154 மீட்டர், வகுத்தால் 1.01. வீழ்ச்சி 12 சதவீதம். ட்ரையத்லான் பயிற்சி நூல்கள் எழுதிய அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரியல், சீரான நீண்ட பயிற்சியில் இது 5 சதவீதத்துக்குள் இருந்தால் அடித்தளம் உறுதி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

அந்த 5 சதவீதத்தை நம் ஊரில் அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. வெயிலில் உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீரளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைய, துடிப்பு எண்ணிக்கை கூடுகிறது. கால் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும், கோடு மட்டும் ஏறும். அதனால் கள்ளக்குறிச்சியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடிய ஓட்டத்தை இன்னொரு ஐந்து மணி ஓட்டத்தோடும், ஒன்பது மணி ஓட்டத்தை ஒன்பது மணி ஓட்டத்தோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். வாட்ச்சிலும் வெப்பத்துக்குப் பழகிய அளவைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. அது 22 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள பயிற்சிகளை எண்ணிக்கொள்கிறது. 22 டிகிரி நமக்கு மார்கழிக் குளிர். ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேயே வாழ்கிறவருக்கு 26-க்கும் 38-க்கும் உள்ள வேறுபாட்டை அந்த எண் எப்படிச் சொல்லும்? வெப்பநிலையைக்கூட அது போன் வழியாக வரும் வானிலைத் தகவலிலிருந்துதான் எடுக்கிறது. தார்ச்சாலையின் அனல் அதில் சேராது.

நீச்சலுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் நீந்தக் கற்பதும் பயிற்சி செய்வதும் வயல் கிணற்றில்தான். வாட்ச்சின் நீச்சல்குள முறை, சுவரைத் தொட்டுத் திரும்புவதைக் கையசைவிலிருந்து கண்டுகொண்டு சுற்றுகளை எண்ணும். அதற்குக் குறைந்தபட்ச நீளம் வேண்டும். கிணற்றின் குறுக்களவு போதாது. திறந்தவெளி நீச்சல் முறையோ ஒவ்வொரு வீச்சிலும் கை தண்ணீருக்கு வெளியே வரும் கணத்தில் செயற்கைக்கோளைப் பிடித்துத் தூரத்தைக் கணக்கிடும். நாலு பக்கமும் கல் கட்டு, மேலே வட்டமாகத் துண்டு வானம் என்றால் எந்த ஜிபிஎஸ்ஸும் தடுமாறத்தான் செய்யும். கிணற்றில் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தையும் துடிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்வதே சரி. பத்து நிமிடம் நீச்சல், ஒரு நிமிடம் படியில் ஓய்வு, மீண்டும் பத்து நிமிடம். கடைசிப் பத்தில் துடிப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே நிலை தெரிந்துவிடும். கோமுகி அணையில் இறங்கிப் பார்க்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். எந்த அளவீட்டுக்காகவும் அணையில் தனியாக இறங்கக் கூடாது.

955 தன் விலைக்கு நியாயம் செய்வது மலையில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலை எங்களுக்குக் கிடைத்த பரிசோதனைக் கூடம். மேலே சமதளங்கள் சராசரியாக 2000 முதல் 3000 அடி உயரத்தில் இருக்கின்றன. ஜிபிஎஸ் உயரக் கணக்கில் எப்போதுமே பலவீனமானது. இந்த வாட்ச் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்து அளக்கிறது. இந்த உயரங்களில் ஏறக்குறைய எட்டரை முதல் ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். அந்த நுணுக்கத்தைச் சென்சார் பிடித்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானால் அழுத்தம் தானாகவே குறையும். நின்ற இடத்தில் நிற்கிறவர் மலை ஏறியதாக வாட்ச் நினைத்துக்கொள்ளும். அதனால் அடிவாரத்தில் உயரத்தைச் சரிசெய்துவிட்டே ஏற வேண்டும். சென்சாரின் சின்னத் துளையில் வியர்வை உப்பு அடைத்துக்கொள்ளும், நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

சைக்கிள் மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் விலை அதிகம். மலை இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம். அடிவாரத்தில் ஒரு முறை லேப் பொத்தானை அழுத்தி, ஏற்றம் முடியும் இடத்தில் மறுமுறை அழுத்தினால், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினோம் என்பது கிடைக்கும். அதை, சரிவின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200-ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் என்று தோராயமாக வரும். 6 சதவீதச் சரிவில் மணிக்கு 600 மீட்டர் ஏறுகிறவருக்கு 600-ஐ 260-ஆல் வகுத்து 2.3. எடை 70 கிலோ என்றால் சுமார் 160 வாட். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் இது பொய்க்கும், சமதளத்தில் செல்லவே செல்லாது. ஆனால் அதே சாலை, அதே சைக்கிள், அதே டயர் காற்று என்றால் சென்ற பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணாடியாகத் தெரியும். கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் கச்சிராயபாளையம் சாலை டிராக்டர்களால் நிறைந்திருக்கும், வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள்.

துடிப்பை மணிக்கட்டில் அளக்கும் பச்சை விளக்கு நம்பகமானதா? எந்த நிறுவனத்தின் வாட்ச்சானாலும் அடிப்படை ஒன்றுதான்: தோலுக்குள் பாயும் ஒளி ரத்த ஓட்டத்துக்கேற்ப எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பார்க்கிறது. மலை இறங்கும்போது பிரேக்கை இறுகப் பிடித்த கையில் ரத்த ஓட்டம் மாறும். குண்டும் குழியுமான சாலை மணிக்கட்டைக் குலுக்கும். ஓடும்போது துடிப்புக்குப் பதில் கால் எட்டையே அது எண்ணத் தொடங்குவதும் உண்டு. தோலின் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதும் இயற்பியல்தான். அதனால் எவ்வளவு பிழை வருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. டீகப்ளிங் கணக்கு போடுகிறவருக்கு மார்பில் கட்டும் ஸ்ட்ராப் அவசியம். அது இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது. நீருக்குள் அதன் ரேடியோ அலை வாட்ச்சை எட்டாது. எனவே நீச்சல் துடிப்பைத் தனக்குள் சேமித்துப் பின்னர் வாட்ச்சுக்குக் கொடுக்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். புது மாடல் வாட்ச், ஸ்ட்ராப் இரண்டுக்கும் பணம் இல்லை என்றால், பழைய மாடல் வாட்ச்சோடு நல்ல ஸ்ட்ராப் வாங்குங்கள். புது மாடல் வாட்ச்சை மட்டும் வாங்குவதைவிட அதில் பலன் அதிகம்.

வாட்ச்சுக்குத் தெரியாதவற்றை எழுத நோட்டு வேண்டும். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம், எத்தனை பாட்டில் தண்ணீர், உப்பு போட்ட மோர் வயிற்றில் நின்றதா என்பதெல்லாம் கோட்டில் இல்லை. வியர்வை இழப்பை ஆப் ஊகித்துச் சொல்லும். தராசு அளந்தே சொல்லும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த கிலோவோடு இடையில் குடித்த லிட்டரைக் கூட்டினால் அதுதான் வியர்வை. மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டவர் கோவாவின் புழுக்கத்தில் தண்ணீர் மேசையைப் பார்த்துக் குழம்ப மாட்டார். நோட்டை ஆப்பைத் திறக்கும் முன்பே எழுதிவிடுவது நல்லது. எண்களைப் பார்த்தபின் நினைவு அவற்றுக்கேற்ப வளைந்துகொடுக்கும்.

கோப்புகளை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகள் மீது நடந்த சைபர் தாக்குதலில் அதன் இணையச் சேவை சில நாட்கள் முடங்கியது. உலகெங்கும் ஓடியவர்கள் தங்கள் பதிவுகளை ஏற்ற முடியாமல் நின்றார்கள். வாட்ச்சுக்குள் பதிவு பத்திரமாகவே இருந்தது. வெள்ளிமலையில் சிக்னல் இல்லாத இடங்களிலும் இதே கதைதான், அவசரப்பட வேண்டியதில்லை. கேபிள் போட்டு ஒவ்வொரு பயிற்சியின் மூலக் கோப்பையும் லேப்டாப்பில் எடுத்துவைத்தால் நாளை வேறு நிறுவன வாட்ச் வாங்கினாலும் பழைய கோடுகள் கூடவே வரும்.

வாங்கியதும் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். பதிவை 'ஸ்மார்ட்' என்பதிலிருந்து 'ஒவ்வொரு நொடியும்' என்பதற்கு மாற்றுங்கள். சைக்கிளில் தானாக விழும் லேப்பை நிறுத்திவிடுங்கள். ஆப்பில் வீட்டைச் சுற்றியுள்ள வரைபடத்தை மறைத்துவிடுங்கள். மூன்றாவதை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஓட்டப் பதிவுகளைப் பகிரும் ஸ்ட்ராவா ஆப் 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே வெளிச்சமாகத் தெரிந்தன. தினமும் விடியற்காலையில் ஒரே தெருவிலிருந்து கிளம்பி ஒரே ஏரிக்கரையில் தனியாக ஓடுகிறவரின் நேரமும் தடமும் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பதிவுகளை 'எனக்கு மட்டும்' என்று வைத்துவிட்டு, காட்ட விரும்பும் ஓட்டத்தை மட்டும் பிறகு திறந்துவிடுங்கள்.