கல்லில் உறைந்த தூரிகை

உரோமையில் டிராஜன் பேரரசனின் வெற்றித் தூண் கி.பி. 113-இல் நிறுவப்பட்டது. அதன் பீடத்து வாயிலுக்கு மேலே ஆறு வரிகளில் ஓர் இலத்தீன் கல்வெட்டு உண்டு. ஆட்சி மன்றமும் உரோமை மக்களும் பேரரசனுக்கு இத்தூணை எடுப்பித்தனர் என்பதும், இப்பணிகளுக்காக எவ்வளவு உயரமான குன்று அகழப்பட்டது என்பதைக் காட்டவே இது நிற்கிறது என்பதுமே அது தரும் செய்தி. அச்செய்தியை இன்று நினைப்பவர் சிலரே. அதைத் தாங்கிய எழுத்தோ உலகெங்கும் உலவுகிறது. 1989-இல் அமெரிக்காவின் அடோபி நிறுவனத்திற்காகக் கேரல் டுவாம்பிளி என்னும் பெண்மணி அதனைக் கணினி எழுத்துருவாக வடித்தார்; 'டிராஜன்' என்ற பெயரிலேயே அது வெளிவந்தது.

இது தலைப்புகளுக்கென்றே அமைந்த எழுத்துரு. இதில் சிறிய எழுத்துகள் இல்லை. ஈ, எஃப், எல், எஸ் ஆகியவை ஒடுங்கி நிற்க, ஓ, சி, டி ஆகியவை வட்டத்தை நாடி விரிகின்றன. ஆர் எழுத்தின் கால் ஓரடி முன்னே எடுத்து வைக்கிறது. எல்லா எழுத்துகளையும் ஒரே அகலத்தில் நிறுத்தாத இந்த ஏற்றத்தாழ்வே வரிக்கு மூச்சு அளிக்கிறது. ஹெச், ஜே, கே, யு, டபிள்யூ, ஒய், இசட் ஆகிய ஏழும் மூலக் கல்வெட்டில் இல்லை. அவ்வேழும் புதிதாக வரையப்பட்டவை. ஆயினும் ஒட்டுப்போட்டவையாகத் தோன்றவில்லை. டுவாம்பிளியின் திறமைக்கு இதுவே போதிய சான்று.

கோடுகளின் நுனியில் விரியும் சிறு பாதத்தை அச்சுத் துறையினர் 'செரிஃப்' என்பர். அது எங்கிருந்து வந்தது? கல்தச்சனின் உளி, கோட்டின் முனையை நேர்த்தியாக முடித்தபோது தோன்றியது என்பதே பலரும் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்து. இதனை மறுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அமெரிக்காவின் டேவன்போர்ட் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எட்வர்ட் கேட்டிச் (1906-1979) அடிகளார், குருவாகுமுன் சிக்காகோவில் விளம்பரப் பலகைகள் எழுதியவர். பிறர் வார்ப்புகளைப் பார்த்து ஆராய, அவர் அக்கல்லின் மீதே தாளை ஒற்றிப் படியெடுத்தார். 1968-இல் வெளியான 'செரிஃபின் தோற்றம்' என்ற நூலில் அவர் நிறுவியது இதுதான்: தட்டை முனைத் தூரிகையால் முதலில் கல்லின் மேல் எழுதினர், அதன் பின்னரே உளி அக்கோடுகளைப் பின்பற்றியது. உளிக்குத் தடித்த கோடும் ஒன்றே, மெல்லிய கோடும் ஒன்றே. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவது, சாய்த்துப் பிடித்த தூரிகையின் இயல்பு. நுனிப் பாதமும் அத்தூரிகை தொடங்கி முடியும் அசைவின் தடமே. நம் முன்னோர் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர் என்பதை அறிந்த நமக்கு, கருவி எழுத்தை உருவாக்கும் என்னும் இக்கருத்து புதிதன்று. நூலகத்தில் மட்டும் அமர்ந்திருப்பவருக்கு எட்டாத உண்மை, பலகை எழுதிய கைக்கு எட்டியது.

எனினும் கேட்டிச் அடிகளாரின் வாதத்தில் உளியின் பெருமை சற்றே குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஆப்பு வடிவில் வெட்டிய பள்ளத்தில் வெயிலும் நிழலும் விளையாடும்போது எழுத்துக்கு வரும் உயிர் தூரிகை தந்ததன்று. தாளில் தட்டையாக அச்சேறும் கணினி எழுத்துருவில் அந்த நிழல் இல்லை.

அதன் பயன்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997-இல் வந்த 'டைட்டானிக்' உட்படத் திரைப்படச் சுவரொட்டிகள் பல இவ்வெழுத்தை நாடின. கதையில் கம்பீரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து அதனை இரவலாகத் தந்துவிடுகிறது. ஆலயப் பெயர்ப்பலகைகளிலும் விழா மலர்களின் ஆங்கிலத் தலைப்புகளிலும் இதனை விரும்புவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கலாம் என்று ஆளுநர் பிளினிக்கு எழுதியவன் இதே டிராஜன். அந்தியோக்கியாவின் புனித இஞ்ஞாசியார் மறைசாட்சியானதும் இவன் ஆட்சியில்தான் என்று மரபு கூறுகிறது. அதற்காக இவ்வெழுத்தை விலக்கிவிட வேண்டும் என்பதன்று. 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் தூணின் உச்சியில் புனித பேதுருவின் சிலையை நிறுவச் செய்தார். கீழேயுள்ள கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் பேரரசின் குரலில் பேசும் எழுத்து எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அடிக்கல்லுக்கும் கல்லறைக்கும் ஆலயத்தின் பெயருக்கும் அது தகும். மலைப்பொழிவை இதில் அச்சிட்டால், ஏழையரைப் பேறுபெற்றோர் என்று வாழ்த்தும் சொற்கள் அரசாணைபோல் ஒலிக்கும். அன்றியும், பெரிய எழுத்துகளாலேயே ஆன நீண்ட பத்தி எவருடைய கண்ணையும் களைக்கச் செய்யும்.

அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெழுத்துகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். கிடைத்த இடத்தில் அடங்க வேண்டுமென்று கணினியில் இதனைப் பக்கவாட்டில் இழுப்பதும் நெருக்குவதும் இப்போது எளிதாகிவிட்டது. அவ்வாறு செய்தால் தடித்த கோடும் மெல்லிய கோடும் தம் விகிதத்தை இழக்கும். கேட்டிச் அடிகளார் கல்லில் கண்ட தூரிகை அங்கே இராது.