ரிட்ரீட்டுக்கு யாரால் வர முடியாது?

ரிமோட் வேலையைப் பற்றி வந்த புத்தகங்களில் ஸ்காட் பெர்கன் எழுதிய 'தி இயர் விதவுட் பேன்ட்ஸ்' (2013) இன்றும் படிக்கத் தகுந்தது. மற்றவை பெரும்பாலும் அறிவுரை. இது ஒருவர் உள்ளே போய் வேலை பார்த்த கதை. மைக்ரோசாஃப்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் குழுவில் இருந்தவர், 2010 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தில் சேர்ந்து ஒரு சிறு குழுவுக்குத் தலைவராகிறார். யாரும் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை. ஈமெயில்கூட அதிகம் கிடையாது. பி2 என்கிற உள்வலைப்பதிவு, ஐஆர்சி, ஸ்கைப், அவ்வளவுதான்.

தலைப்பைப் பார்த்தால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிய புத்தகம் என்று தோன்றும். ஆனால் இதில் உயிரோடு இருக்கிற பக்கங்கள் என்னவோ எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிற பக்கங்கள்தான். ஃப்ளோரிடாவில் சீசைட் என்கிற கடலோர ஊர், ஏதென்ஸில் ஒரு ஹோட்டல் லாபி, ராத்திரி பார். ரிமோட் வேலைக்கு வக்காலத்து வாங்க வந்த புத்தகம், நேரில் பார்க்காமல் முடியாது என்பதற்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெர்கன் பார்த்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்தச் சந்திப்புகள் ஏன் பலன் தந்தன என்பதையும் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே போய் அவர்கள் வேலை பார்த்தார்கள். கூடிய வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்து வெளியிட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். இன்றைக்கு ரிட்ரீட் திட்டமிடச் சொல்லித்தரும் கட்டுரைகளைப் பாருங்கள்: ரிசார்ட் தேர்வு, டீ ஷர்ட், அறிமுக விளையாட்டு, கயிறு இழுத்தல், குரூப் போட்டோ. காலேஜ் டூருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிழையைச் சேர்ந்து தேடும்போது, எதிராளி எங்கே தடுமாறுவார், எப்போது கோபப்படுவார், எதைக் கேட்கத் தயங்குவார் என்று தெரிகிறது. கயிறு இழுத்தால் யாருக்குப் பலம் அதிகம் என்று மட்டும்தான் தெரியும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது பமேலா ஹிண்ட்ஸ், கேத்தரின் கிராம்டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் குழுக்களில், ஒருவர் இன்னொருவரின் வேலையிடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் பதில்கள் சீக்கிரம் வந்தன, பேச்சு ஆழமானது, சொந்த விஷயங்களும் பரிமாறப்பட்டன. சக ஊழியரை அவர் சூழலில் வைத்துப் பார்த்ததால் கிடைத்த பழக்கம் இது.

இங்கேதான் ரிசார்ட் யோசனை இடிக்குது. ரிசார்ட் யாருடைய சூழலும் இல்லை. காரைக்குடியிலிருந்து வேலை பார்ப்பவர் கரண்ட் போனால் என்ன செய்கிறார், வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசுகிறார் என்பது கடற்கரை விடுதியில் தெரியாது. நாலைந்து பேர் கொண்ட குழு, முறை வைத்து ஒவ்வொருவர் ஊருக்கும் போய் ஒரு வாரம் அங்கிருந்து வேலை பார்த்தால் செலவும் குறையும், பழக்கமும் உறுதியாகும். முழுக் கம்பெனியும் கூடுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து இந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

பெர்கன் புத்தகத்தின் பெரிய இடைவெளி வேறு. அவருடைய குழுவின் முதல் நால்வரும் ஆண்கள். கிளம்பு என்றால் கிளம்பிவிடக்கூடியவர்கள். விசாவுக்கு அலைகிற பாடு இந்தப் புத்தகத்தின் கவலை இல்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கோ அதுதான் முதல் கவலை. 2023 தொடக்கத்தில் இந்தியாவில் அமெரிக்க விசிட்டர் விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு 500 நாளைத் தாண்டியது. மூன்று மாதம் முன்னால் "எல்லாரும் கலிஃபோர்னியா வாங்க" என்று அறிவிக்கிற மேனேஜர், தெரிந்தோ தெரியாமலோ சிலரை வர வேண்டாம் என்று சொல்கிறார். அதே 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமல் வரச் சொன்னது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் உள்ளே, யார் வெளியே என்று பாதி முடிவாகிவிடுகிறது.

விசா மட்டுமா? கைக்குழந்தைக்காரி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், ஊர் விட்டு ஊர் போய் ராத்திரி பாரில் உட்கார விருப்பமில்லாதவர். கம்பெனி டிக்கெட் எடுத்துத் தரும். வீட்டில் மாற்று ஆள் ஏற்பாடு பண்ணித் தராது. இந்தக் கணக்கை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

"வருவது உங்க விருப்பம், கட்டாயமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். இந்த வாக்கியம்தான் என்னைக் கேட்டால் ஆபத்தானது. ரிமோட் கம்பெனியில் எழுத்துதான் சமத்துவம். எல்லாம் எழுதி வைக்கப்படுவதால்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருப்பவரும் சிவகாசியில் இருப்பவரும் ஒரே தகவலோடு பேச முடிகிறது. ரிட்ரீட்டில் சாப்பாட்டு மேசையில் அடுத்த வருடத் திட்டம் முடிவானால், வராதவர் திங்கட்கிழமை காலையில் வேறொரு கம்பெனியில் கண் விழிக்கிறார். வந்தவர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடும், இவருக்கு விளங்காது. ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வு யாருக்கு என்று பார்க்கும்போது, மேனேஜர் மனதில் முகம் நிற்கிறவர்கள் முன்னால் வருவார்கள்.

ஆகவே திட்டத்தின் முதல் வரி ஊரின் பெயராக இருக்கக் கூடாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: பாஸ்போர்ட் இருக்கா, எந்த நாட்டுக்கு விசா சுலபம், வீட்டில் என்ன நிலைமை. பொதுவில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பயண நாளை வேலை நாளாகக் கணக்கு வையுங்கள். சனி ஞாயிறைப் பறக்கவைத்துவிட்டுத் திங்கள் காலை ஒன்பது மணிக்கு உட்காரச் சொல்லாதீர்கள். அங்கே என்ன முடிவெடுத்தாலும் அன்றைக்கே எழுதிப் போட்டு, வராதவர்கள் கருத்துச் சொல்லும்வரை அதை வரைவாகவே வைத்திருங்கள். இந்தக் கடைசி ஒன்றைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தும் பிரயோஜனமில்லை.

பெர்கன் புத்தகத்தைப் படியுங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார். அந்த லாபியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. லாபிக்கு வந்து சேர முடியாதவர்களைப் பற்றி இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.