இரு மொழிப் பிள்ளையும் உளநூல் ஆராய்ச்சியும்

தேக்காச் சந்தையில் பாட்டி தமிழில் வினவ, பேரப் பிள்ளை ஆங்கிலத்தில் விடை கூறுவது இன்று எவருக்கும் புதிதன்று. சிங்கப்பூர்வாழ் இந்தியருள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் நூற்றுக்கு 36.7 பேர்; 2020இல் 27.9 பேர். "இரண்டு மொழி கற்றால் பிள்ளை குழம்பிவிடும்" என்று பெற்றோர் அஞ்சுவதைத் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய நான் பன்முறை கேட்டிருக்கின்றேன். அவ்வச்சத்துக்கு உளநூல் கூறும் விடை யாது?

அவ்வச்சத்தை வளர்த்ததில் உளநூலுக்கும் பங்குண்டு. 1923இல் சேயர் என்பார் வேல்ஸ் நாட்டுச் சிறுவரைச் சோதித்து, நாட்டுப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத் திறனில் பின்தங்கியவர் என்றார். 1962இல் மொன்றியல் நகரில் பீலும் லாம்பர்ட்டும் குடும்ப நிலை ஒத்த 10 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர், முடிவு தலைகீழாயிற்று. வறுமையால் வந்த குறையை மொழியின்மேல் ஏற்றுவது எத்துணைப் பெரும் பிழை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர் நன்கு அறிவர்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் 1986இல் தொடங்கிய உளநூற் கல்வி, 2005இல் தனித் துறையாயிற்று. அத்துறையில் பணியாற்றிய லெஹர் சிங்கும் பிறரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஆறு மாதக் குழந்தைகள் 114 பேருக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினர். இருமொழி கேட்டு வளரும் குழந்தைகள் அதில் விரைவில் சலிப்புற்றுப் புதிய படத்தை நாடினர். பார்த்ததை விரைந்து உள்வாங்கியதற்கு இது அடையாளம் என்பர். இப்பயன் குறிப்பிட்ட ஒரு மொழி இணைக்கு மட்டும் உரியதாகக் காணப்படவில்லை.

பேசக்கூட அறியாத பருவத்தைச் சோதித்தது இவ்வாய்வின் சிறப்பு. குழப்பம் என்னும் வாதத்தை அது தளர்த்துகின்றது. ஆயினும், "தமிழ் படித்தால் மூளை கூர்மையாகும்" என்று நாம் விளம்பரம் செய்ய அது இடந்தரவில்லை. படத்தை நோக்கிய நேரம் வேறு. பின்னாளில் பள்ளியில் பெறும் தேர்ச்சி வேறு. மேலும், இருமொழிப் பயனைக் காட்டும் ஆய்வுகளே பிறவற்றினும் மிகுதியாக அச்சேறுகின்றன என்பதை டி புருயின் முதலானோர் 2015இல் எடுத்துக்காட்டினர். நாளை வேறோர் ஆய்வு பயனில்லை என்றால், தமிழைக் கைவிட்டு விடுவோமா?

மாணவர் ஆராய்ச்சிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உலகெங்கும் உளநூல் மாணவர், தம் துறையின் முதலாண்டு மாணவரையே சோதனைக்கு அழைப்பது வழக்கம். அது எளிது, ஆனால் அவர்களைக் கொண்டு பாட்டியின் வீட்டை அறிய இயலாது. தமிழறிந்த மாணவர் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும்போது, பிள்ளை எந்த வயதில், எவரிடம், எதன் பொருட்டுத் தமிழில் விடை கூறுவதை நிறுத்துகின்றது என்பதை ஆராயலாம். தமிழாசிரியர் அவர்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிட வேண்டும். நமக்குப் பயன்படும் விடை அங்கிருந்துதான் கிடைக்கும்.