பார்த்துத்தானே எடுத்தீங்க?

செந்துறைப் பக்கம் ஒருவர் தன் பைக்கைப் படம் எடுத்து ஓஎல்எக்ஸில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டி.என். 61 வண்டி. 'சிங்கிள் ஓனர், ஒரு ரூபாய் வேலை இல்லை' என்று கீழே ஒரு வரி. வேப்பந்தட்டையிலிருந்து ஒருவர் வந்து, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, போனிலேயே பணத்தைப் போட்டுவிட்டு எடுத்துப் போகிறார். மூன்றாம் நாள் காலையில் அழைப்பு வருகிறது. "அண்ணே, காலைல ஸ்டார்ட் பண்ணா நீலமா புகை அடிக்குதே?" விற்றவர் வாயில் பதில் தயாராக இருக்கிறது: "பார்த்துத்தானே எடுத்தீங்க?" அடுத்த அழைப்புக்கு எண் பிளாக்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் மட்டுமல்ல, பழைய பொருள் கைமாறும் எந்த ஊரிலும் குறைக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அதை வெறும் அடாவடி என்று தள்ளிவிடவும் முடியாது. நேரில் பார்த்து வாங்குவது மாட்டுச் சந்தைக் காலத்து வழக்கம். தானமாக வந்த மாட்டைத்தான் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று எண்ணாமல் யாரும் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசியதில்லை. பார்த்த பிறகு வியாபாரம் முடிந்தது. இதில் விற்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. நாலு நாள் ஓட்டிவிட்டு, 'ரெண்டாயிரம் திருப்பிக் கொடுங்க' என்று புதுப் பேரம் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவரின் மெக்கானிக் வேறு, வண்டியைப் பார்த்ததும் 'ஏமாந்துட்டீங்களே' என்றுதான் பேச்சைத் தொடங்குவார். இன்னொருவர் செய்த வேலையை நன்றாக இருக்கிறது என்று சொன்ன மெக்கானிக் உண்டா?

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஈபேயுடையது. பொருள் விவரித்தபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் புகார் செய்யலாம். விற்றவர் 3 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பும் செலவும் அவர் தலையில். பணம் நிறுவனத்தின் வழியாகப் போவதால் அதற்குப் பிடிமானம் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஈபே.இன் 2018-லேயே மூடப்பட்டது. ஓஎல்எக்ஸ் போன்றவை வரி விளம்பரத்தின் வாரிசுகள். ஆளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பணமும் பொருளும் கைமாறுவது இருவர் பாடு. ஆகவே பொருளை நேரில் பார்ப்பதுதான் நமக்கு அந்த 30 நாளுக்கு ஈடு.

ஈடுதானா? கண்ணுக்குத் தெரியும் குறைக்கு ஆம். டேங்கில் கீறல், சீட்டில் கிழிசல், தேய்ந்த டயர் இவற்றுக்கெல்லாம் மறுநாள் போன் செய்வது வாங்கியவரின் தப்பு. நீலப் புகையின் கதை வேறு. வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரியும் வண்டி, குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்தால் புகை அடங்கிவிடலாம். விவரமானவர்கள் வந்ததும் வணக்கம் சொல்லும் சாக்கில் என்ஜின் பக்கம் கையை நீட்டி, சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். சூடேற்றி வைத்தவர் 'பார்த்துத்தானே எடுத்தீங்க' என்று கேட்கும்போது, பார்க்கவிடாமல் செய்தவரே அதைக் கேட்கிறார்.

சட்டம் இந்த இடத்தில் ஒரு குதிரையைக் கட்டி வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில், நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது என்கிறது. வாங்குபவர் சொந்த மகள் என்றால் சொல்லியாக வேண்டும். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவர் கேட்டும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இன்றைக்கு அந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் போகிறது; நீலக் குறி விழுகிறது; பதில் வரவில்லை. அந்தக் குதிரை இன்னும் சாகவில்லை. 'ஒரு ரூபாய் வேலை இல்லை' என்ற வரிக்கோ மௌனம் என்ற சாக்குக்கூடக் கிடையாது. விவரித்துச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு.

சட்டம் இருந்தும் சண்டை போனிலேயே முடிந்துவிடுகிறது. இதையே தொழிலாகச் செய்யும் கடைக்காரர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, 1915-க்கு அழைக்கலாம். வீட்டில் இருந்த ஒரு வண்டியை விற்றவரோ, 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கும் தனிநபர். மிச்சம் சிவில் நீதிமன்றம். ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ரிப்பேர் செலவுக்கு யார் வக்கீல் வைப்பார்கள்?

ஆகவே அந்த முதல் அழைப்பை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புகையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, தன் மெக்கானிக்கிடமும் காட்டி, உள்ளே ஒளிந்திருந்த குறை என்றால் செலவில் பாதியை ஏற்கிறவர் ஏமாளி இல்லை. விற்பதற்கு முன்பே 'முன் பிரேக் பிடிப்பது குறைவு, பேட்டரி போன வருஷம் மாற்றியது' என்று தட்டி அனுப்பியவருக்கு அந்தப் பாதியும் மிச்சம். மூன்றாம் நாள் அழைப்பு வந்தால் அந்தச் செய்தியைத் திருப்பி அனுப்பினால் போதும். விலையில் ஐந்நூறு குறையலாம்.

எண்ணை பிளாக் செய்கிறவர் கணக்கில் விட்டுவிடுவது ஆர்.சி. புக்கை. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. பலரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். பேச்சுவார்த்தை அறுந்துபோனால் அந்தப் படிவம் பெட்டிக்கடியிலேயே கிடக்கும். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. வேப்பந்தட்டையில் நீலப் புகை விட்டபடி ஓடும் அந்த வண்டி, பதிவேட்டில் இன்னும் செந்துறைக்காரருடையது.