தற்குறி என்னும் வசைச்சொல்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடும் கீறலுக்குத் தற்குறி என்று பெயர். காலப்போக்கில் அக்கீறலை இடுகின்ற மனிதரையே அச்சொல் குறிக்கலாயிற்று. அதுவே 2025ஆம் ஆண்டில் தமிழக அரசியல் மேடைகளிலும் கைபேசித் திரைகளிலும், நடிகர் விஜய் 2024 பிப்ரவரியில் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகத்தின் ஆதரவாளர்களைச் சுட்டும் வசையாக ஓயாது ஒலித்தது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மக்களைச் சந்தித்த விஜய், 'குறி' என்ற ஈற்றுச் சொல்லை வைத்தே அதற்கு மறுமொழி கூறினார். வசையும் சொல், மறுமொழியும் சொல்விளையாட்டு. இரண்டுக்கும் இடையே எந்தக் கொள்கை விவாதிக்கப்பட்டது என்பதே நம் வினா. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று.

இவ்வழக்கத்திலிருந்து எக்கட்சியும் தப்பவில்லை. தி.மு.க. தொண்டர் 'இருநூறு ரூபாய் உ.பி.' ஆனார். நாம் தமிழர் கட்சியின் 'தம்பி'கள் 'தும்பி'கள் ஆயினர். சங்பரிவார ஆதரவாளர் 'சங்கி' ஆனார். விஜயின் இரசிகர் தற்குறி ஆகுமுன்பே 'அணில்' ஆகியிருந்தார். இப்பெயர்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். இவற்றுள் எதுவும் தலைவரைத் தாக்குவதில்லை. தலைவரை நம்பிய எளிய மனிதரையே தாக்குகின்றது. அவர் கூலிக்குப் பேசுபவர், பூச்சி, விலங்கு, அறிவிலி என்று அறிவித்துவிட்டால், அவர் ஏன் நம்பினார் என்று கேட்க வேண்டிய கடமை தீர்ந்துபோகின்றது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு; அதன் ஒரு முனை காஞ்சியிலேயே இருக்கின்றது. 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காதவர்களின் வருத்தத்தைக் காஞ்சியிலிருந்து கிளைத்த அண்ணாவின் 'திராவிட நாடு' இதழ் 'கண்ணீர்த்துளிகள்' என்ற தலைப்பில் வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர்கள் தி.மு.கழகம் கண்டபின், பெரியார் அத்தலைப்பையே எடுத்து அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று பல்லாண்டுகள் எள்ளி நகையாடினார். அப்பெயரால் அக்கட்சி சிறுத்துவிடவில்லை. 1967இல் ஆட்சியைப் பிடித்த அண்ணா பெரியாரைத் தேடிச்சென்று சந்தித்தபோது, அந்த ஏளனத்துக்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

ஏளனத்தைத் தாங்கிய இயக்கம் பின்னர் தானும் ஏளனம் செய்தது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். விலக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டபோது, அவரைப் பின்பற்றியோருக்கு 'விசிலடிச்சான் குஞ்சுகள்' என்ற பெயர் வழங்கலாயிற்று. திரையரங்கில் சீழ்க்கையடிக்கும் அறியாச் சிறுவர் கூட்டம் என்பது அதன் பொருள். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அக்கூட்டமே வென்றது. 1977இல் ஆட்சியும் அமைத்தது. எம்.ஜி.ஆரின் ஆட்சியில் விமரிசிக்கத்தக்கவை நிறைய இருந்தன. ஆயினும் வாக்காளனைக் குஞ்சு என்றழைத்தவரின் விமரிசனத்தை அவ்வாக்காளன் செவிமடுப்பான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அரபு வரலாற்றிலும் இதே காட்சிதான். பாமரக் கும்பலைக் குறிக்கும் 'கவ்ஃகா' என்ற அரபுச் சொல், அகராதி நூல்களின்படி, முதலில் பறக்கத் தொடங்கும் வெட்டுக்கிளிக் கூட்டத்துக்கு வழங்கியது. மனிதரைப் பூச்சியாக்கும் கலையில் நம் தும்பிக்கு அது மூத்தது. பிறர் 'கவாரிஜ்' என்றழைத்தவர்கள் தம்மைத் தாமே 'ஷுராத்' என்று, அதாவது இறைவனுக்காகத் தம் உயிரை விற்றவர்கள் என்று, அழைத்துக்கொண்டனர். அவர்களின் கொள்கை பிழையானது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. எனினும் தம்மை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதை அறியாமல் அப்பிழையின் வேரை அறிய இயலாது. அர்ஜென்டினாவில் 1945இல் பெரோனுக்காகத் திரண்ட தொழிலாளரைச் 'சட்டையற்றோர்' என எள்ளினர். பெரோன் அப்பெயரையே பெருமைக்குரிய விளிச்சொல்லாக மாற்றிக்கொண்டார். வசை பல வேளைகளில் எதிரிக்கே கொடியாகிவிடுகின்றது.

நகைச்சுவையே அரசியலுக்கு ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். தொல்காப்பியர் அங்கதத்துக்கே இலக்கணம் வகுத்தவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பகைவரின் வசைக்கவிக்குக் கவியாலேயே விடையிறுத்தார்கள். அங்கதம் ஒரு செயலைச் சுட்டும். அதைச் செய்தவர் திருந்தினால் அதற்கு வேலை இல்லை. பட்டப்பெயரோ ஆளின்மேல் ஒட்டிக்கொள்ளும். அவர் திருந்தினாலும் உதிராது. வலியவரை நோக்கி எளியவர் எய்வது அங்கதம். படித்தவர் படியாதவர்மீது எறிவது வெறும் கல்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நுட்பமாக உணர்ந்திருந்தனர். பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் குத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கின்றது. அதே வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் தடுத்து, ஏளனத்துக்கு ஆளானோர் மேலானவராக இருக்கக்கூடும் என்று காரணமும் கூறுகின்றது. ஆயினும் ஹதீஸ் கலையில் 'அஃமஷ்' (பார்வை மங்கியவர்), 'அஃரஜ்' (கால் ஊனமுற்றவர்) என்ற பெயர்களால் அறியப்பட்ட அறிவிப்பாளர்கள் உளர். ஆளை இனங்காண வேறு வழியின்றிக் கூறுவது ஆகும், இழிவுபடுத்தக் கூறுவது ஆகாது என்று அறிஞர்கள் வரம்பிட்டனர். இஸ்மாயீல் என்ற அறிவிப்பாளர் தம் அன்னையின் பெயரால் 'இப்னு உலைய்யா' என்றழைக்கப்படுவதை விரும்பவில்லை. ஆகவே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், 'இப்னு உலைய்யா என்று சொல்லப்படுகின்ற இஸ்மாயீல்' என்று பிறர் வழக்காக மட்டும் அதைக் குறிப்பார்கள். பெயருக்குரியவரின் மனம் புண்படலாகாது என்பதற்காக ஒரு வாக்கியத்தையே நீட்டிய மரபு நம்முடையது.

பட்டப்பெயர் ஒரு முழு வரலாற்றையே ஒரு சொல்லில் புதைத்துவிடும் என்பதற்குக் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சான்று. அது சமணரின் ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் விதானத்தில் தீர்த்தங்கரரின் வரலாறுகள் ஓவியங்களாக விரிகின்றன. தமிழில் சமணரைக் குறித்த 'அமணர்' என்ற பெயரிலிருந்தே 'அம்மணம்' என்ற சொல் பிறந்தது என்பர். அவ்வோவியங்களைக் கண்டவர் ஒரு சமயத்தின் சிந்தனையை அறிவார். அச்சொல்லை மட்டும் அறிந்தவர் ஆடையின்மையை மட்டுமே அறிவார். 'துலுக்கர்' என்ற பெயரும் துருக்கர் என்ற இனப்பெயரின் திரிபாகத் தொடங்கி இழிவழக்காகத் தாழ்ந்ததை நாம் அறிவோம்.

இனி, தற்குறி என்ற சொல்லுக்கே வருவோம். கல்வியின்மை இழிவா? கையெழுத்திடத் தெரியாத காஞ்சி நெசவாளர், கரையையும் உடலையும் கோர்வையில் இணைக்கும் கணக்கைப் பிழையின்றி மனத்தில் வைத்திருப்பார். அவரிடம் இல்லாதது எழுத்து, அறிவன்று. மேலும், 'உம்மீ' (எழுதப் படிக்காதவர்) என்பது திருமறை நம் நபிகளாருக்குச் சூட்டிய சிறப்புப் பெயர். அதனை ஓதுகின்ற நாவு, எழுத்தறியாமையை ஏசுபொருளாக்கலாமா? பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தோர் மதீனத்துச் சிறுவருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறும். எழுத்தறியாமைக்கு அந்தச் சமூகம் கண்ட மருந்து ஆசிரியர், வசையன்று. ஊர்தோறும் படிப்பகம் திறந்து பாமரனுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டிய இயக்கத்தின் வழிவந்தோர் அச்சொல்லை ஏந்துவது வரலாற்று முரண்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜயின் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 உயிர்கள் மாண்டன. அத்தகைய நாளில் கேட்கவேண்டிய வினாக்கள் பல: இடம் போதுமானதா, குடிநீர் இருந்ததா, தலைவர் ஏன் தாமதித்தார், காவலுக்குப் பொறுப்பானவர் யார்? மாண்டவரைத் தற்குறி என்று முடித்துவிட்டால் குற்றம் பிணத்தின்மேல் விழும். ஏற்பாட்டாளரும் அரசும் ஒருங்கே தப்புவர். பட்டப்பெயர் பகைவரைத் தாக்குவதாகத் தோன்றினும் ஈற்றில் பொறுப்புடையோரையே காக்கின்றது.

நம் சமுதாயத்துக்குள்ளும் 'நஜாத்காரன்', 'வஹ்ஹாபி', 'கப்ரு வணங்கி' என்ற பெயர்கள் உலவுகின்றன. ஒரே ஜமாஅத்தில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், பள்ளிவாசல் படியிறங்குமுன் இப்பெயர்களால் பிரிந்த ஊர்கள் உண்டு. அங்கும் ஆதாரம் பேச வேண்டிய இடத்தில் பெயர் பேசிற்று. அரசியல் அவையில் நாம் கண்டிக்கும் நோய் மிஹ்ராபின் அருகிலும் இருக்கையில், மருந்தை அங்கிருந்தே தொடங்குவது நேர்மை. கொள்கையை மறுக்க ஆயிரம் சொற்கள் உள. ஆளை அழைக்கவோ, அவருடைய பெற்றோர் இட்ட பெயர் ஒன்றே போதும்.